சுடலை கேட்ட சட்டை

முகத்துக்கு நேரே என்னை மெகருன்னிசா சிஸ்டர் என்பார்கள். வராந்தா திரும்பியதும் கத்தரி சிஸ்டர். பருத்திக்கு மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்த ஆளைக் கட்டிலில் போட்டதும் நான் முதலில் எடுப்பது கையுறை, அடுத்தது கத்தரிக்கோல். பொத்தானைக் கழற்ற மாட்டேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே வெட்டு. உருவி எடுத்த பிறகும் விடுவதில்லை. மறுபடி யாரும் போட முடியாதபடி துண்டு துண்டாக நறுக்கிய பிறகுதான் எரிக்கிற குழிக்கு அனுப்புவேன். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை என்றாலும் இதே மரியாதைதான். "தையக்காரன் பாத்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவான்" என்று ஒரு மாமனார் என் காதுபடவே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம், என்னோடு கடைசியாக வேலை பார்த்த இளைய நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் இருக்கிற ஆஸ்பத்திரியில், வார்டு சுவரில் புதிதாக ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்களாம். விஷம் பட்ட உடுப்பை உறவினரிடம் திருப்பித் தரக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறதாம். "நீங்க இத எப்பவோ செஞ்சீங்களே சிஸ்டர், ஒங்களுக்கு ஆரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டாள். செத்துப்போன ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார் என்று போனில் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? ஓய்வில் நேரம் கிடக்கிறது. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு, அத்தா என்போம், ராஜபாளையத்தில் துணிக்கடை. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவி, இது மில் துணி, இது தறித் துணி என்று சொல்ல எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். கடையில் ஒரு துணி தரையில் விழுந்தால் அத்தா அதை எடுத்து உதறி, கண்ணில் ஒற்றிக்கொள்வார். நல்ல துணியை வீணாக்குவது எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டுவதற்குச் சமம். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்கு வந்தேன். படிப்பில் கட்டில் விரிக்கக் கற்றுக்கொண்டேன். மீதி எல்லாம் கட்டிலில் கிடந்தவர்களிடம் கற்றது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சாலையோரத்தில் இருந்தது நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரி. இருபது கட்டில், ஒரு டாக்டர், ஒரு பழைய வேன். பெயர் வேண்டாம். இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. பருத்தி காய் பிடிக்கும் மாதங்களில் ஆலங்குளம் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து எங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காய்ப்புழுவுக்கு ஒரு மருந்து கேட்காவிட்டால் இரண்டைக் கலந்து அடிப்பார்கள். வாளியில் வெறுங்கையை விட்டுக் கலக்குவார்கள். ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவார்கள். காலி டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிப்பார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. நாளுக்கு இரண்டு பஸ். அதைத் தவறவிட்டால் மாட்டு வண்டி. வந்து சேரும்போது பாதிப் பேருக்கு உயிர் தொண்டையில் நிற்கும்.

எங்கள் டாக்டர் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் உச்சிக்கு ஏறினால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தெலுங்கில் சரி என்கிற மாதிரி, "சரே" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு வார்டே மூச்சடக்கும். விஷக் கேஸ் வந்தால் தொடுவதற்கு முன் கால்மாட்டில் நின்று மோந்து பார்ப்பார். பூண்டு போல ஒரு வாடை வரும். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் மாட்டுவார். ஆபத்து தாண்டும் வரை அது அங்கேதான் தொங்கும். ஆபத்து தாண்டினாலோ ஆள் முடிந்தாலோதான் திரும்பக் கைக்குப் போகும்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் டார்ச் அடித்துக் கண்மணி பார்க்க வேண்டும், நாடி பிடிக்க வேண்டும், புறங்கையை அக்குளில் வைத்துப் பார்க்க வேண்டும். அக்குள் காய வேண்டும், நெஞ்சில் சளிச் சத்தம் அடங்க வேண்டும். "அக்குள் பொய் சொல்லாதும்மா" என்பார் டாக்டர். அளவு சற்றுக் கூடினால் ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர் ஆட்கள் பிதற்றுவது ஒரே மாதிரி இருக்கும். மல்லாந்து கிடந்தபடி இரண்டு கையாலும் காற்றில் பருத்தி எடுப்பார்கள். எடுத்து எடுத்து மடியில் போடுவார்கள். மூன்று கட்டிலில் மூன்று பேர், கண் திறந்திருக்க, ஒரு சத்தமும் இல்லாமல், இல்லாத காட்டில் இல்லாத பருத்தியை எடுத்துக்கொண்டிருப்பதை மத்தியான வெயிலில் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். பதினைந்து வருடம் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில், நோன்பும் தை மாதமும் சேர்ந்து வந்த ஒரு வருடம் அது. ஒரு நாள் பிற்பகல் சுடலை என்ற ஆளைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது இருக்கும். கூட அவர் மாமனாரும் மனைவி பேச்சியும். காலையில் ஸ்பிரேயரில் மருந்து ஊற்றும்போது டின் சரிந்து தோளிலும் முதுகிலும் கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டு அப்படியே வேலை பார்த்திருக்கிறார். உச்சிவேளையில் உடைமரத்தடியில் விழுந்திருக்கிறார்.

"கண்ணப் பாருங்க டாக்டர் சார், கருமணியே இல்ல. முனி எடுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றார் மாமனார். அந்த உடைமரத்தில் முனி இருக்கிறது என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"கருமணி இருக்குய்யா, சுருங்கிக் கெடக்கு. மருந்து செஞ்ச வேலை" என்றார் டாக்டர்.

"மருந்து காலையில பட்டுச்சு. இவரு விழுந்தது உச்சிக்கு. அம்புட்டு நேரம் மருந்து எங்க போச்சு?"

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். நான் சட்டையைக் கழற்றினேன். அப்போதெல்லாம் பொத்தானைக் கழற்றித்தான் எடுப்பேன்.

அந்தச் சட்டைதான் வில்லங்கம். காக்கி, முழுக்கை, கனத்த டிரில் துணி. மருந்து டின் வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் சும்மா கொடுத்ததாம். இதைப் போட்டுக்கொண்டு அடித்தால் உடம்பில் ஒன்றும் ஏறாது என்று சொல்லிக் கொடுத்தாராம். கஞ்சி வாசம் கூடப் போகவில்லை. விஷக் கேஸ் உடுப்பு குழிக்குப் போக வேண்டும் என்பது டாக்டர் சட்டம். "தொவைச்சாலும் போகாதும்மா, எண்ணெய் மாதிரி நூலுக்குள்ள உக்காந்துக்கிரும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் அந்தத் துணியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். அதோடு புத்தி போய்விட்டது. துணிக்கடைக்காரர் மகள் அல்லவா! இந்தத் துணியைக் கொளுத்துவது பாவம், பேச்சி புருஷன் பிழைத்து எழுந்தால் அவருக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். பின்கட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வெறுங்கையால் மூன்று முறை சோப்புப் போட்டுக் கும்மி, வெயிலில் காயவைத்து, கடை மடிப்பாக மடித்து வைத்தேன். அன்று மாலை எனக்குத் தலை கனத்தது. விளக்குப் போட்டும் வீடு இருட்டாகவே தெரிந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். "என்னடி, கண்ணு கடுகு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

சுடலை இரண்டாம் நாள் இறந்துபோனார். உடலைக் கொண்டுபோகும்போது பேச்சி ஒற்றையாக நின்றாள். அவள் கையில் அந்தச் சட்டையைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். "தொவைச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கு ஒரு நிறைவு.

பன்னிரண்டு நாள் கழித்து, அதே பிற்பகல் நேரம், அதே மாமனார் இன்னோர் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுடலையின் தம்பி முத்தையா. வெற்றுடம்பு, வியர்வை ஆறாக ஓடியது. தோலுக்கு அடியில் தசை புழு நெளிவது போல் துடித்தது. வாயில் நுரை. கண்மணி ஊசிமுனை.

"மருந்தடிச்சானா?" என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்ல சார். பெரியவன் போன நாள்ல இருந்து வீட்டுல ஆரும் டின்னத் தொடல. பருத்தி எடுக்கத்தான் போனான். அதே உடைமரம், அதே உச்சி. முனி ரெண்டாவது ஆளக் கேக்கு."

டாக்டர் மோந்து பார்த்தார். வாடை இருந்தது. கலக்கத்தை அன்றுதான் அவர் முகத்தில் பார்த்தேன். வயிற்றைக் கழுவினோம், அதில் ஒன்றும் இல்லை. கடிகாரம் கம்பிக்கு ஏறியது. ஊசி, டார்ச், நாடி, அக்குள். ஊசி, டார்ச், நாடி, அக்குள்.

நான்கு மணி வாக்கில் அக்குள் காய்ந்தது. முத்தையா கண்ணைத் திறந்து காற்றில் பருத்தி எடுக்க ஆரம்பித்தார். நான் தலைமாட்டில் நின்றேன். டாக்டர் இன்னொரு கேஸுக்குப் போயிருந்தார். ஜன்னல் வெயில் எதிர்ச் சுவரில் கட்டமாக விழுந்திருந்தது. திடீரென்று அவர் கைகள் நின்றன. அந்த வெயில் கட்டத்தையே பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

"ஆரு முத்தையா? அங்க ஆரும் இல்ல" என்றேன்.

"அண்ணன் நிக்கான். வெத்து மேலோட நிக்கான். சட்டையக் கேக்கான்."

"என்ன சட்டை?"

யாரோ சொல்வதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்தார். பிறகு தெளிவாக, கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்:

"தொவைச்சு மடிச்சுக் குடுத்தாவளே, அவியளக் கூப்பிடச் சொல்லுதான்."

வார்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது. அந்த வெயில் கட்டத்தைத் திரும்பிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே ஓடி மாமனாரைப் பிடித்தேன்.

"முத்தையா காட்டுக்கு எந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனாரு?"

"அண்ணன் சட்டையத்தான் நர்சம்மா. குறி சொல்லுற கோடாங்கி சொன்னாரு. முனி ஒருக்க அடிச்ச ஆள மறுக்க அடிக்காதாம். செத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனா, இது நாம அடிச்ச ஆளுன்னு விட்டுருமாம். இன்னைக்குத்தான் மொதத்தடவ போட்டுக்கிட்டுப் போனான். வேர்த்து நனைஞ்சு கெடந்தான்னு நாங்கதான் கழத்திட்டுத் தூக்கியாந்தோம்."

"இப்ப அது எங்க?"

"பேச்சி பிள்ளைக்குப் போட்டுவிட்டுருக்கா. வீட்டுல அடுத்த உசுரு அதுதானே. காவலுக்கு."

பிள்ளை என்பது சுடலையின் மகள் மாரி. ஐந்து வயது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. துவைத்தால் போகாத விஷம், உச்சிவெயில் வியர்வையில் ஊறி உடம்புக்குள் இறங்குகிறது. காலையில் கொட்டிய மருந்து உச்சியில் அடித்ததும் இப்படித்தான். முனி மரத்தில் இல்லை, நான் மடித்துக் கொடுத்த துணியில் இருந்தது. டாக்டரிடம் போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"சரே" என்றார். பிறகு மருந்துப் பெட்டியைத் திறந்து, பிள்ளைக்கு எவ்வளவு ஊசி என்று ஒரு சீட்டில் எழுதி, குப்பிகளோடு என் கையில் வைத்தார். "வேனை எடுத்துக்கிட்டுப் போ. கையில உறை போட்டுக்கோ."

ஆலங்குளம் சாலை அன்று முடியவே இல்லை. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்றது. எடுக்க ஓர் ஆள் இல்லை. முனிக்குப் பயந்து, மரத்தைச் சுற்றியிருந்த மூன்று காட்டையும் அப்படியே விட்டிருந்தார்கள். நடுவே அந்த உடைமரம். பகல் வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஊரில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

மாரி கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். அந்தக் காக்கிச் சட்டை அவளைக் கழுத்திலிருந்து கால்வரை மூடியிருந்தது. முழுக்கை இரண்டையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். வாயோரம் எச்சில் ஒழுகியது. டார்ச் அடித்தேன். கண்மணி கடுகு.

நான் சட்டையைப் பிடித்ததும் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதிய நர்சம்மா! அவிய சட்டை அது. எம்பிள்ளைக்கு அதுதான் காவலு!"

"பேச்சி, விடு. இதுதான் எமன்."

"அவிய மணம் அதுல இருக்கு!"

"அது அவர் மணமில்லம்மா, மருந்து மணம்."

முடிச்சு அவிழவில்லை. சீருடைப் பையில் பேண்டேஜ் வெட்டும் கத்தரி இருந்தது. கழுத்திலிருந்து கீழே வரை ஒரே வெட்டாக வெட்டினேன். அன்றுதான் முதல் வெட்டு. அத்தாவின் மகள் அன்றோடு செத்துப்போனாள். பிள்ளையை முற்றத்தில் கிடத்தி, தலையோடு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தொடையில் ஊசி போட்டு, வெட்டிய சட்டையைச் சாக்கில் கட்டி வேனில் போட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் என் புறங்கை அவள் அக்குளில்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியும்போது அக்குள் காய்ந்தது. நான் அழுதேன். டிரைவர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். அதுதான் அன்று நான் நோன்பு திறந்த தண்ணீர்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நின்றிருந்தார். அவர் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. உள்ளே முத்தையாவின் முகம்வரை போர்வை இழுத்திருந்தது.

மறுநாள் டியூட்டி ரிப்போர்ட் நோட்டை என் முன்னால் வைத்தார். "நீயே எழுதும்மா." விஷம் பட்ட உடுப்பு என்னால் துவைக்கப்பட்டு உறவினரிடம் தரப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு தண்டனை எதுவும் அவர் தரவில்லை. தந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் மாரி எழுந்து இட்லி கேட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பேச்சியை நான் பின்கட்டுக்கு அழைத்துப்போனேன். சட்டைத் துண்டுகள் குழியில் கிடந்தன, இன்னும் கொளுத்தவில்லை.

"ஒங்கொழுந்தன் செத்தது என்னாலதான் பேச்சி. நான் அதக் குடுத்திருக்கக் கூடாது."

அவள் அழவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பொத்தானாச்சும் குடுங்க நர்சம்மா" என்றாள். கல்லும் கரையும் குரல். ஒரு பொத்தானைக் கழுவிக் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று என் கை குழிவரை போனது. திரும்ப எடுத்துக்கொண்டேன். இல்லை என்றேன். அவளுக்கு முன்னாலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பொத்தான்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

அப்போது எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நான் தொவைச்சுக் குடுத்தேன்னு முத்தையாட்டச் சொல்லியிருந்தியா?"

"எப்பிடிச் சொல்லுவேன்? ஆசுபத்திரில இருந்து வந்த துணின்னா வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாவளே. கடையில ரெண்டு சட்டை குடுத்தாவ, இது பொட்டிக்குள்ள இருந்த மத்ததுன்னுதான் எல்லாத்துட்டயும் சொன்னேன். அது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அட்ரோபின் கொடுத்தால் ஆள் இல்லாததைப் பார்ப்பான், அதற்குப் புத்தகத்தில் பக்கம் இருக்கிறது என்று எப்போதும் சொல்பவர் அவர். அன்று கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு "சரே" என்றார். கோபமில்லாமல் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன். அட்ரோபின் ஏறி யாராவது காற்றில் பருத்தி எடுக்கத் தொடங்கினால், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து, "அங்க ஆரு நிக்கா?" என்று கேட்பேன். ஒருவர் தன் ஆத்தா நிற்கிறாள் என்றார். ஒருவர் வெள்ளாடு நிற்கிறது என்றார். இன்னொருவர் போலீஸ்காரர் என்று போர்வைக்குள் ஒளிந்தார். முத்தையா ஒருநாளும் வரவில்லை. வந்து நின்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு வார்த்தை வைத்திருந்தேன். ஓய்வு பெறும் நாள் வரை குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.